முப்பத்திரண்டாவது கம்பம்

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, கூடத்துச் சுவரில் என் வாழ்க்கையை மாட்டியிருந்தார்கள். ஆறு வயதில் போட்ட சிவப்புத் தலைக்கவசம், பந்தயத்தில் கட்டிய எண் துணிகள், வலது முழங்காலுக்குள் திருகாணி தெரிகிற எக்ஸ்ரே படம் உட்பட. எல்லாம் கெப்ஹார்ட்டின் வேலை. எங்கள் ஸ்கீ மன்றத்தின் செயலாளர் அவர். ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் குப்பையில் போட மனம் வராத மனிதர். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நிறுத்தினார். "எங்கேயிருந்து தோண்டி எடுத்தேன்னு கேளேன் புர்கி. உன் கதை ஆரம்பிச்ச நாளு" என்றார். நான் கேட்கவில்லை. கையிலிருந்த கிண்ணத்தில் சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. அவரை யாரோ கூப்பிட, என்னை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

சட்டத்துக்குள் ஓர் அட்டை இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, ஈரம் பட்டுக் காய்ந்து நெளிந்துபோனது. எனக்குப் பதினேழு நடந்த வருஷத்து மார்ச் மாதத் தேதி. பெண்கள் ஸ்லாலம், இரண்டாம் ஓட்டம், கம்பம் 30 முதல் 34 வரை. நடுவர்: ஆம்ப்ரோஸ் ஃபால்க்னர். கீழே ஓடியவர்களின் எண்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் ஒரு சிறு கோடு. கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஒழுங்காகச் சறுக்கிப் போனவளுக்குக் கோடு. தப்பிப் போனவளுக்குப் படம் வரையவேண்டும், ஸ்கீ எந்தப் பக்கம் போனது, கம்பம் எங்கே நின்றது என்று. அதுதான் விதி. பதினான்காம் எண்ணுக்கும் கோடுதான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் தாள் வெளுத்து மயிர் எழும்பியிருந்தது. பென்சிலின் பின்பக்க ரப்பரால் தேய்த்த இடம். அழித்தாலும், குளிரில் விரல் விறைத்து அழுத்தி வரைந்த பள்ளம் போகுமா? தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு வளைகோடுகள், அவற்றுக்கு நடுவே ஒரு புள்ளி.

பதினான்கு என்னுடைய எண். அந்தப் புள்ளிதான் கம்பம்.

எங்கள் ஊரில் இதற்குக் "கோர்த்துட்டா" என்பார்கள். ஊசிக்குள் நூல் புகுவது மாதிரி, கம்பம் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்துவிடுவது. ஸ்லாலத்தில் இரண்டு ஸ்கீயின் மூக்கும் கம்பத்துக்கு ஒரே பக்கமாகப் போகவேண்டும். ஒரு மூக்கு மறுபக்கம் போனால் தீர்ந்தது, நின்று ஓரமாக ஒதுங்கவேண்டியதுதான். கம்பமோ வளைந்து கொடுக்கிற வகை. படுத்து உடனே எழுந்துவிடும், எட்ட நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் காலை ஏமாற்ற முடியாது. முழங்காலுக்குக் கீழே, உள்பக்கமாக, ஒரு தட்டுத் தட்டும். பத்தொன்பது வருஷம் ஆகிறது. தொலைக்காட்சியில் எவளாவது ஸ்லாலம் ஓடினால் இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை இழுத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு மாகாண அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்குப் போட்டி நானும் ரொசீனாவும். ஆறு வயதிலிருந்து ஒரே இழுவைக் கம்பியில் தொடையோடு தொடை ஒட்டிக்கொண்டு மலையேறியவர்கள் நாங்கள். அவள் ரொட்டியில் பாதி எனக்கு, என் கணக்குத் தாளில் பாதி அவளுக்கு. முதல் ஓட்டத்தில் அவள் முதலிடம், நான் அரை விநாடி பின்னால். இரண்டாம் ஓட்டத்துக்குள் மூடுபனி இறங்கிவிட்டது. மேலே நின்ற பயிற்சியாளருக்கும் ஒன்றும் தெரியாது, கீழே கோட்டருகே நின்ற கூட்டத்துக்கும் தெரியாது. சரிவின் நடுவே ஐந்து கம்பங்களைப் பார்த்துக்கொண்டு மஞ்சள் மேலங்கியோடு நின்ற ஒரே ஆள் ஆம்ப்ரோஸ். ரொசீனாவின் அப்பா. உறவுக்காரர் இல்லாத நடுவர்தான் வேண்டும் என்றால் எங்கள் ஊர் ஓபர்லேனில் போட்டியே நடத்த முடியாது, அடுத்த பள்ளத்தாக்கில்தான் ஆள் தேடவேண்டும்.

முப்பத்திரண்டில் கோர்த்தேன். தட்டியது. நின்றிருக்கவேண்டும். கால் தானாக ஓடிவிட்டது என்று பல வருஷம் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். பொய். கால் நிற்கத்தான் பார்த்தது, நான்தான் விடவில்லை. ஓரக்கண்ணில் மஞ்சள் மேலங்கி தெரிந்தது, அதன் மேலே ஒரு முகம் என்னோடு திரும்பியது. பார்த்துவிட்டார், எழுதிவிடுவார், பிறகு நான் எதற்கு வாயைத் திறக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மிச்சமிருந்த பதினெட்டுக் கம்பங்களையும் ஓடி முடித்தேன். எனக்குப் பின்னால் வந்த ரொசீனா மூடுபனியில் ஓரிடத்தில் தடுமாறினாள். இரண்டு ஓட்டத்தையும் கூட்டி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: நான் முதல், அவள் இரண்டாவது. விநாடியை நூறாக வகுத்தால் அதில் பதினான்கு பங்கு வித்தியாசம்.

நீக்கப்பட்டவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதன்பிறகு பதினைந்து நிமிஷம் அவகாசம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்ல. பட்டியலில் என் எண் இல்லை. அவர் எழுதவில்லை. நான் திகைத்து நிற்கும்போதே அப்பா வந்து என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார். பதினேழு வயதுக் கழுதையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற மனிதரிடம், இறக்கிவிடு அப்பா, ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஏன், சொல்லலாம். வாய் இருந்ததே. சொல்லவில்லை. அவகாசம் முடிந்த மணி அடித்தபோது நான் அப்பாவின் தோள்மேல்தான் இருந்தேன். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அறிவிப்புப் பலகையை ஒட்டி ஆம்ப்ரோஸ் நின்றார், பட்டியலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு.

கீழே இறங்கியதும் ரொசீனா வந்து கட்டிக்கொண்டாள். மூக்கு சிவந்திருந்தது, அழுதிருக்கிறாள். "பறந்தே போயிட்டடி" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆம்ப்ரோஸ் வந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள். நல்லா ஓடுனீங்க" என்றார்.

எங்கள் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே யாருக்கும் "நீங்க" கிடையாது. மேயருக்கும் நீ, பாதிரியாருக்கும் நீ, வெளியூரிலிருந்து வருகிற டாக்டருக்கும் ஏறிய உடனே நீ. என் அம்மா காய்ச்சலில் கிடந்த மாதம் முழுக்க மடியில் வைத்து எனக்குச் சோறூட்டிய மனிதர், "ஓடுனீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம், மரியாதையாம். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னை "நீங்க" என்றுதான் சொல்லுகிறார். ஊருக்கு அது தீராத வேடிக்கை. கடையில், கோயில் வாசலில், எங்கே அவர் என்னிடம் பேசினாலும் பக்கத்தில் ஒருவர், "பாத்தியா, உன்னோட அருமை ஆம்ப்ரோஸுக்குத்தான் தெரியுது" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் சிரித்ததில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

மாகாண அணி, பிறகு தேசிய அணி, பிறகு உலகக் கோப்பை. பதினாறு குளிர்காலம் ஓடினேன். ஒரு முறை மேடையேறினேன், மூன்றாம் இடம். நான்காம் இடம் ஐந்து முறை. முழங்கால் இரண்டு முறை போனது. பிரமாதமான வாழ்க்கை என்று சொல்லமுடியாது, ஆனால் ஓபர்லேன் போன்ற ஊருக்கு அது தேர்த் திருவிழாவுக்குச் சமம். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் சொல்கிற எதற்கும் அர்த்தமில்லை. என் கடைசிக்கு முந்தின வருஷம் ஸ்வீடனில் ஒரு பந்தயத்தில் கோர்த்துவிட்டேன். நடுவர் பார்க்கவில்லை, வர்ணனையாளர்கூடப் பார்க்கவில்லை. நான் நின்றேன். கையைத் தூக்கினேன். பத்திரிகைகள் எழுதித் தள்ளின, அந்த வருஷம் நேர்மைக்கென்று ஒரு கண்ணாடிக் கோப்பையும் கொடுத்தார்கள். அதுவும் இதோ இந்தச் சுவரில் தனி விளக்கோடு இருக்கிறது. ஸ்வீடன்காரிகளுக்கு நான் என்ன கடன்பட்டிருந்தேன், அவர்களிடம் போய் நேர்மையாக இருக்க? நான் கை தூக்கியதை ஊரே விடுதியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்ததாம். எல்லோரும் கைதட்டினார்களாம், ஆம்ப்ரோஸ் மட்டும் எழுந்து மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டாராம். இதை எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னவள் ரொசீனாதான்.

அவளுக்கு அந்த ஒரு வாய்ப்புத்தான். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுக்கிறாள், கோடையில் அப்பாவோடு புல் அறுக்கிறாள். எனக்கு அவள்மேல் ஒரு குறை சொல்லக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கியிருக்கிறேன். பொறாமைப்பட்டாள், முகம் கொடுக்கவில்லை, பின்னால் பேசினாள் என்று ஏதாவது. ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதுக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, கண்ணை ஒரு முறை சிமிட்டச் சொல்லுவாள். சிமிட்டுவார்கள். "அவ்வளவுதான். அவ்வளவுலதான் நான் புர்கிகிட்ட தோத்தேன்" என்பாள், ஏதோ பதக்கத்தைக் காட்டுகிற மாதிரி. ஒருநாள் நான் அந்தப் பக்கம் வந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு பொடிசுகள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தன. கண்ணாடிக்குள் கண்ணை மறைத்துக்கொண்டு சறுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அந்தப் பந்தயம் நடந்த சரிவுக்கு இன்று என் பெயர் வைக்கிறார்கள். அதற்குத்தான் இந்த விழா. வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். தன்னடக்கம் என்றார்கள். மூன்றாவது முறை நான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும்.

சூப்பை அப்படியே வைத்துவிட்டு ஆம்ப்ரோஸைத் தேடிப் போனேன். சரிவின் அடியில் கம்பங்கள் அடுக்கும் கொட்டகையில் தனியாக இருந்தார். மறுநாள் குழந்தைகள் போட்டிக்குச் சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. முடிச்சுப் போடுகிற விரல்கள் இன்னும் உறுதியாகத்தான் இருந்தன. வெளியே வாத்தியக் குழு சுதி சேர்த்துக்கொண்டிருந்தது.

"அட்டையைப் பார்த்தேன்" என்றேன்.

"கெப்ஹார்ட் ஒண்ணையும் எரிக்கமாட்டான்" என்றார், தலை நிமிராமல்.

"நீ பார்த்திருக்கே. படமும் வரைஞ்சிருக்கே. அப்புறம் ஏன் அழிச்சே?"

இன்னும் இரண்டு கம்பங்களை எடுத்துக் கட்டோடு சேர்த்தார்.

"நீங்க போனதும் வரைஞ்சுட்டேன். அது என் வேலை. அப்புறம் ரொசீனா போனா. ஒலிபெருக்கியில நீங்க முதல்னு சொன்னான், எம்பொண்ணு ரெண்டாவதுன்னு சொன்னான். கையில படம் இருக்கு. அதைக் கொடுத்தா எம்பொண்ணு முதல். ஊரு என்ன சொல்லும்? பனியில ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாதது பெத்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதாம்னு சொல்லும். ஃபால்க்னர் மகளைத் தூக்கிவிட்டான்னு சொல்லும். எனக்கு என் பேரு பெருசாப் போச்சு."

அவர் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"ஆனா நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். உங்களை எனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீங்க வாயைத் திறந்தா, ஆமா நானும் பார்த்தேன்னு சொல்லிடலாம்னு அந்தப் பலகைகிட்டயே நின்னேன். பதினஞ்சு நிமிஷமும் நின்னேன்."

"ரொசீனாவுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? அவளை ஏமாத்துனது நீங்க மட்டுமா?"

அந்த நேரத்தில் எனக்குள் என்ன வந்தது என்று சொல்லட்டுமா? நிம்மதி. தப்பில் பாதி இவருடையது, நான் தனி ஆள் இல்லை என்று நெஞ்சுக்குள் ஏதோ இளகி, மூச்சுக்கூட நன்றாக வந்தது. எதிரே ஒரு கிழவர் பெற்ற மகளின் முகத்தைப் பத்தொன்பது வருஷமாக நேராகப் பார்க்கமுடியாமல் கம்பம் கட்டிக்கொண்டிருக்கிறார், எனக்கு நிம்மதி வருகிறது. கோர்த்ததற்குப் பட்ட வெட்கத்தைவிட, வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பட்டதைவிட, இதற்குத்தான் அதிகம் வெட்கப்பட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னால் உன் பெயரும் சேர்ந்து வரும், சட்டத்தில் மாட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். அவர் கம்பக் கட்டை எடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, "உங்களைக் கூப்பிடறாங்க" என்றார்.

கூப்பிடத்தான் செய்தார்கள். ரொசீனாவிடம் படிக்கிற குழந்தைகள் இரண்டு வரிசையாக நின்று ஸ்கீ ஊன்றுகோல்களை உயர்த்தி வளைவு பிடித்திருந்தார்கள். குனிந்து அதற்குள் நுழைந்து போனேன். மரப்பலகை மேடையின் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை, மேலே வெள்ளைத் துணி, துணியில் ஒரு சிவப்புக் கயிறு. மேயர் பேசினார். சின்ன ஊரில் பிறந்தாலும் பெரிய மனது என்றார். ஸ்வீடனில் நான் கை தூக்கியதைச் சொன்னார். வெற்றியைவிட உண்மை பெரிது என்று நம் குழந்தைகளுக்குக் காட்டியவள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருத்தியால் முடியாது, ஊரே சோறு போட்டுக் கொடுக்கவேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. கைதட்டினார்கள். கயிற்றை என் கையில் கொடுத்து, ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நகர்த்திவைத்தார்.

இழுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கலாம். ஒன்றும் ஆகாது. சூப்பு இருக்கிறது, வாத்தியம் இருக்கிறது, இரண்டு மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும். ரொசீனா நாளைக்கும் குழந்தைகளைக் கண் சிமிட்டச் சொல்லுவாள். எழுதிவைத்த நன்றியுரை மேலங்கிப் பையில் இருந்தது. அதை எடுக்கத்தான் கையை விட்டேன், சத்தியமாக அதற்குத்தான். விரல் தாளைத் தொட்டதும், அறிவிப்புப் பலகையோரம் நின்ற அந்த மனிதர் ஞாபகம் வந்துவிட்டது.

"ரொசீனா, கொஞ்சம் மேல வா" என்றேன். ஒலிவாங்கியில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கூட்டம் குதூகலித்தது. தோழியோடு சேர்ந்து கயிறு இழுக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "என்னை எதுக்குடி கூப்பிடறே, மூஞ்சியெல்லாம் வெயில்ல தக்காளி மாதிரி பழுத்துக் கிடக்கு" என்று கீழிருந்தே கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து ஸ்கீயைக் கழற்றினாள். வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டு அவளுக்கு வழிவிட்டார்கள். முதல் வார்த்தை எது என்று தெரியவில்லை. முப்பத்திரண்டா, அட்டையா, அல்லது வெறுமே அவள் பெயரா?

ஆம்ப்ரோஸ் கொட்டகையிலிருந்து வந்து முன்வரிசையில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முதலில் மகளைப் பார்த்தார், நேராக, கொஞ்ச நேரம். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லு" என்றார்.

பக்கத்தில் நின்ற கெப்ஹார்ட் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். ரொசீனா சிரித்துக்கொண்டே மேடைப் படியில் கால் வைத்தாள். அவளுடைய கனத்த ஸ்கீ பூட்ஸ் பலகையில் டக், டக் என்று என்னை நோக்கி வந்தது. கயிறு இன்னும் என் கையில் இருந்தது. காற்று அடித்து, துணி ஒரு பக்கம் தூக்கி, என் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிந்து மறைந்தது.